பாதி மாத்திரை

செவ்வாய்க்கிழமை காலை லமீஸின் கையிலிருந்து டீ கிளாஸ் விழுந்து உடைந்தது. அவள் அதை வாய்க்குக் கொண்டுபோனபோது, முழங்கையிலிருந்து கை ஒரு முறை வெட்டி இழுத்தது. ஒரு நொடிகூட இருக்காது. அம்மா அதைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும்தான் கேட்டார்.

"வீட்டுல இருந்ததே நாலு கிளாஸ். இப்ப மூணு" என்றார்.

"கை வேர்த்திருந்துச்சும்மா, வழுக்கிடுச்சு" என்றாள் லமீஸ்.

கை இழுத்ததை நான் பார்த்திருந்தேன். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினேன்.

லமீஸ் என் தங்கை. பத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதில் முதல் வலிப்பு வந்தது. சரியான மாத்திரை கிடைத்த பிறகு இரண்டு வருடங்களாக ஒன்றும் வரவில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஜூலை தொடக்கம் வரை அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகு காலையில் பாதி, இரவில் பாதி.

பாதி போதும் என்று சொன்னது நான்தான். நான் உயிரியல் படித்தவள். எங்கள் ஊர் திரிபோலியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். மருந்து விஷயத்தில் எங்கள் வீட்டில் நான் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. "இத்தனை வருஷமா சாப்பிட்டதுல உடம்புல மருந்து சேர்ந்திருக்கும். கொஞ்ச நாளைக்குப் பாதி போதும்" என்றேன். அம்மா தலையாட்டினார். லமீஸும் தலையாட்டினாள். அப்பா வீட்டில் இல்லை. மேஜை நாற்காலி செய்யும் பட்டறை மூடியதிலிருந்து அவர் பெட்ரோல் வரிசையில் பிறருடைய கார்களில் உட்கார்ந்திருக்கிறார். வரிசை நகரும்போது காரை நகர்த்த வேண்டும். அதற்குக் கூலி.

எனக்கு மே மாதமே வேலை போய்விட்டது. சோதனைக்கான திரவங்கள் கப்பலில் வருவது நின்றது. திரவம் இல்லாத இயந்திரம் வெறும் பெட்டி. அதற்குத் துணி போர்த்திவிட்டு, ஒன்பது பேரில் ஆறு பேரைப் போகச் சொன்னார்கள். லமீஸைப் பார்த்துவந்த நரம்பு டாக்டர் அதே மாதம் வளைகுடாவுக்குப் போய்விட்டார்.

டப்பியில் ஆறு மாத்திரைகள் இருந்தன.

முனீபின் மருந்துக்கடைக்குப் போனேன். அலமாரிகளில் ஷாம்பூ, பல் துலக்கும் பிரஷ், வெயிலுக்குப் பூசும் கிரீம். மருந்து இருந்த இடத்திலெல்லாம் அவற்றையே பரப்பி வைத்திருந்தார்.

"இல்லை" என்றார், நான் வாயைத் திறப்பதற்குள்.

எனக்குக் கேட்கத் தெரியாது. ஒரு பொருளை இரண்டாம் முறை கேட்பதற்குள் முகமெல்லாம் சூடாகிவிடும். எனவே போகாமல் நின்றேன். அவருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"இப்படி நின்னா என் மனசு கரையும், மாத்திரை முளைக்குமா?" என்றார். பிறகு மேஜையைச் சுற்றி வெளியே வந்து, வாசலில் நின்று எதிர்ச் சுவரைக் காட்டினார். "அந்தப் பச்சைக் கரை போட்டதைப் படி."

சுவர் முழுக்க மரண அறிவிப்புகள். அந்தக் கோடையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். பச்சைக் கரை போட்டது எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. ஆசிரியர் வஜீஹ் நஷ்ஷார் இறைவனடி சேர்ந்தார். மகன் ஹைதம், மனைவி, தங்கை வஃபீக்கா, சம்பந்தி வீட்டார். பெண்கள் துக்கம் விசாரிக்க மூன்று நாளும் மாலையில் அவர் வீட்டில், கடிகாரக் கோபுரத்துக்குப் பின்னால், ஏழாவது மாடி.

"அதே மாத்திரைதான்" என்றார் முனீப். "பக்கவாதம் வந்ததுல இருந்து நாலு வருஷமா சாப்பிட்டார். மொதல்ல என்கிட்ட வாங்கினார். அப்புறம் பையன் ஜெர்மனியில இருந்து அனுப்பினான். வீட்டுல மிச்சம் இருக்கும்."

"மௌத்தான வீட்டுல போயா கேக்கறது?"

"போனவருக்கு எதுக்கும்மா மாத்திரை? மூணு நாளைக்குள்ள போ. அப்புறம் போனா வெறும் காப்பிதான் கிடைக்கும். போன வாரம் ஒரு வீட்டுல இன்சுலினுக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டாங்க, பிணத்தை எடுக்கறதுக்கு முன்னாடியே."

அம்மா தன் கறுப்பு உடுப்பை எனக்குக் கொடுத்தார். தோளில் கொஞ்சம் தொளதொளவென்றிருந்தது.

"போனதும் கேட்டுடாதே. உக்காரு. காப்பி குடி. கொஞ்சம் கண்ணைத் துடைச்சுக்கோ."

"யாருன்னு கேட்டா?"

"வாத்தியார்னு போட்டிருக்குன்னியே. அவர்கிட்ட படிச்சேன்னு சொல்லு. எந்த வாத்தியார் வீட்டுல பிள்ளைங்களை எண்ணி வெச்சிருக்காங்க?"

லமீஸ் கட்டிலில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா அழுதா யாரும் நம்ப மாட்டாங்க. என்னை அனுப்புங்க" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார் அம்மா.

வாத்தியார் வீட்டுக் கட்டடத்தில் கரண்ட் இல்லை. லிஃப்ட் கதவில் ஒரு நாற்காலியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஐந்தாவது மாடித் திருப்பத்தில் ஒரு பருத்த அம்மாள் படியில் உட்கார்ந்து, அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். கறுப்பு உடை, மூட்டுவலிக்காரர்களின் செருப்பு.

"நஷ்ஷார் வீட்டுக்கா?" என்றார். "இன்னும் ரெண்டு மாடி. என் அண்ணன் உசிரோட இருந்தவரைக்கும் யாரையும் சிரமப்படுத்தினதில்லை. போயும் போயும் இப்படி ஒரு கோடையில செத்து ஊரையே மாடியேற விட்டுட்டான். கையைக் குடு."

கையைக் கொடுத்தேன். இவர்தான் வஃபீக்கா என்று புரிந்தது.

"நீ யார் வீட்டுப் பொண்ணு?"

"வாத்தியார்கிட்ட படிச்சேன்" என்றேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததால் தடுமாறாமல் வந்தது.

அவர் அட்டையை விசிறுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். "படிச்சியா" என்றார். "நல்லது. ஏறு." என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். கை கனமாக இருந்தது.

கூடத்தில் சுவரோரமாக நாற்காலிகள். பத்துப் பன்னிரண்டு பெண்கள். ஒரு போனில் குர்ஆன் ஓதல் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த வாத்தியாரின் மனைவியை எல்லோரும் 'ஹைதமின் அம்மா' என்ற பொருளில் உம்மு ஹைதம் என்று அழைத்தார்கள். சின்ன உருவம். அழுது முடித்திருந்த முகம். நான் குனிந்து கைகொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சர்க்கரை போடாத காப்பி வந்தது.

"இங்க பாரு" என்றார் வஃபீக்கா, தன் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தபடி. "அண்ணன்கிட்ட படிச்ச பொண்ணு வந்திருக்கா."

உம்மு ஹைதம் தலை நிமிர்ந்தார். இரண்டு நாளாக எல்லோரும் பொறுமையாக இரு என்று மட்டுமே சொல்லியிருப்பார்கள். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோதே எழுந்து போயிருக்க வேண்டும்.

"சொல்லும்மா. வகுப்புல எப்படி இருப்பாரு? வீட்டுல பேசவே மாட்டாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு பேசினேன். "திட்ட மாட்டார். கணக்கு புரியலைன்னா முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவார். பலகையை அழிச்சிட்டு மறுபடி மொதல்ல இருந்து சொல்லுவார்."

அது என் சொந்தக் கணக்கு டீச்சர்.

"கணக்கா?" என்றார் வஃபீக்கா. "அவன் எடுத்தது சரித்திரம். அதுவும் ஆம்பளைப் பசங்க பள்ளிக்கூடத்துல. முப்பத்தாறு வருஷம். நீ எந்த பெஞ்சுல உக்காந்திருந்தே?"

ஒரு பெண் சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார். போனில் ஓதல் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பையை வைக்க இடம் தேடினேன். பக்கத்தில் மேஜை இல்லை.

"எதுக்கு வந்தே?" என்றார் உம்மு ஹைதம். குரலில் கோபம் இல்லை. களைப்புதான்.

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"வேற எதுக்கு?" என்றார் வஃபீக்கா. "நேத்து ஒருத்தி சக்கர நாற்காலி இருக்கான்னு கேட்டு வந்தா. அதுக்கு முன்னாடி ஒருத்தி அவன் கண்ணாடியைக் கேட்டா. இவ என்ன கேக்கப் போறாளோ."

"வலிப்பு மாத்திரை" என்றேன். "என் தங்கச்சிக்கு. பத்தொம்பது வயசு. ஆறுதான் இருக்கு." அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "மன்னிச்சிடுங்க. நான் அவரைப் பார்த்ததே இல்லை. நோட்டீஸைப் பார்த்துதான் வந்தேன்."

உம்மு ஹைதம் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார்.

"வா" என்றார்.

படுக்கையறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. அவர் பின்னால் நான் போனேன். எனக்குப் பின்னால் வஃபீக்கா வந்து வாசலில் நின்றார். உம்மு ஹைதம் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியை எடுத்து, கட்டிலில் வைத்துத் திறந்தார்.

உள்ளே பஞ்சு பரப்பி, அதன் மேல் மாத்திரைகள். ஒன்றுகூட முழுசாக இல்லை. எல்லாம் பாதி. சவர பிளேடால் நேராக வெட்டி, வெட்டிய பக்கம் மேலே தெரிய வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பஞ்சில் வெள்ளைத் தூள். எங்கள் வீட்டில் நானும் பிளேடால்தான் வெட்டினேன். எனக்கு இவ்வளவு நேராக வரவில்லை.

"இருபத்திரெண்டு இருக்கு" என்றார். "ஹைதமுக்கு ஏப்ரல்ல வேலை போயிடுச்சு. அங்கயும் இப்படித்தானாம். அவன் சொல்லல. அனுப்பறது நின்னப்புறம்தான் கேட்டோம். அப்புறம் வெட்டினோம்."

நான் தகரப்பெட்டியையே பார்த்தேன்.

"உனக்கு மருந்து பத்தித் தெரியுமா?"

"ஆஸ்பத்திரி லேப்ல இருந்தேன். ரத்தம் சோதிக்கிற இடத்துல."

"அப்ப நீ சொல்லு." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "டாக்டர் இதயம் நின்னுடுச்சுன்னு எழுதினார். அஞ்சு நிமிஷம்தான் பார்த்தார். எங்க வீட்டுக்காரர் குளியலறையில விழுந்து கிடந்தார். நான்தான் கதவைத் தள்ளினேன். அதுக்கு முந்தின வாரம் ஒரு நாள் கை இழுத்துச்சு. தண்ணி டம்ளரைக் கீழ போட்டார். ஒண்ணுமில்லைன்னார். நானும் ஒண்ணுமில்லைன்னு விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வெட்டச் சொன்னது நான். அவருக்கு இஷ்டமே இல்லை. பாதி பாதியா சாப்பிட்டா ரெண்டு மடங்கு நாள் வரும்னு நான்தான் கணக்குச் சொன்னேன். அதனாலயா?"

இந்த மருந்து உடம்பில் சேர்ந்து நிற்காது. எட்டு மணி நேரத்தில் பாதி வெளியேறிவிடும். அடுத்த எட்டு மணியில் மிச்சத்தில் பாதி. ரத்தத்தில் அளவு ஒரு கோட்டுக்குக் கீழே போனால் மூளை பழையபடி தன்னிஷ்டத்துக்கு நடக்க ஆரம்பிக்கும். கை சட்டென்று இழுப்பது அதன் முதல் செய்தி. இது எனக்கு நன்றாகத் தெரியும். இதயம் நின்றதா, வலிப்பில் விழுந்தாரா என்பது எனக்குத் தெரியாது. யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. தெரியாது என்றாவது நான் சொல்லியிருக்கலாம்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன். "அதனால இருக்காது. நாலு வருஷம் சாப்பிட்டிருக்காரு. உடம்புல மருந்து சேர்ந்திருக்கும். பாதி போதும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான், ஹாஜ்ஜா. இதயம் தனி."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வஃபீக்கா வாசலிலிருந்து நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் உம்மு ஹைதம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பஞ்சோடு மாத்திரைகளை ஒரு காகிதத்தில் மடித்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. உன் தங்கச்சிக்கும் பாதி பாதியாவே குடு. ரொம்ப நாளைக்கு வரும்."

"சரி" என்றேன்.

நான் ஐந்தாவது மாடிக்கு வந்தபோது மேலே செருப்புச் சத்தம் கேட்டது. "நில்லு பொண்ணே, நில்லு. என் முட்டி என்ன உன் முட்டியா?"

வஃபீக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். மாத்திரையைத் திரும்ப வாங்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நல்லதா ஒரு வார்த்தை சொன்னே" என்றார், மூச்சு வாங்க, அட்டைத் துண்டால் விசிறியபடி. "ரெண்டு நாளா அவ ஒரு வாய் சோறு தின்னல. நீ பொய்க்காரிதான், ஆனா படிச்ச பொய்க்காரி. இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. என் வீட்டுக்காரருக்கு ரத்தம் கட்டாம இருக்க ஒரு மாத்திரை. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. ஒரு அட்டைதான் பாக்கி. அந்த மனுஷன் வெட்டவே விட மாட்டேங்கிறார், அண்ணனைப் பார்த்துப் பயந்துட்டார். நாளையில இருந்து நானே வெட்டிடறேன். லேப்ல இருந்த பொண்ணே சொல்லிடுச்சுன்னு சொன்னா கேட்டுக்குவார்."

கீழே யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. நான் அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நான்காவது மாடியில் ஒரு கதவு திறந்து மூடியது.

"வெட்டாதீங்க" என்றேன்.

"என்ன?"

"வெட்டாதீங்க, அத்தை. முழுசாக் குடுங்க. தீர்றதுக்குள்ள எப்படியாவது தேடுங்க. பாதி குடுக்கறது ஆபத்து."

அவர் விசிறுவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மாடிப்படி போகும் வழியைப் பார்த்தார், ஏழாவது மாடி தெரியும் என்பதுபோல.

"அப்ப மேல சொன்னது?"

நான் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தேன்.

"என் அண்ணன்?"

"எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. இருக்கலாம்."

அவர் படியில் உட்கார்ந்தார். அழவில்லை. மூட்டைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்காரலாமா, போய்விடலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"பாடம் எடுக்கறதும் நீ, பலகையை அழிக்கறதும் நீ" என்றார் கடைசியில். "அவகிட்ட போய் இதைச் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்."

"நானும் சொல்ல மாட்டேன். ஆனா நான் அவளோட ஒரே குடும்பத்துல இருக்கணும், தெரியுமா? நீ இறங்கிப் போயிடுவே." என் கையில் இருந்த காகிதப் பொட்டலத்தைக் காட்டினார். "உன் தங்கச்சிக்கு என்ன குடுத்துக்கிட்டிருக்கே?"

"பாதி."

"எத்தனை நாளா?"

"நாலு வாரம்."

அவர் கையை அசைத்தார். போ என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்தபோது சூரியன் மறைந்து மக்ரிப் பாங்கு முடிந்திருந்தது. அம்மா பால்கனியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தார். "கிடைச்சுதா?" என்றார். தலையாட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ். பாதியா பிரிச்சா எத்தனை நாள்?" என்றார்.

நான் சமையலறைக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு பாதிகளை ஒரு தட்டில் வைத்து, தண்ணீரோடு லமீஸிடம் கொண்டுபோனேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அழுதியா? நம்பினாங்களா?"

"இதைச் சாப்பிடு."

"ரெண்டு இருக்கு."

"ரெண்டும்தான். இனிமே முழுசா சாப்பிடணும். நான் சொன்னது தப்பு. உடம்புல சேர்ந்தெல்லாம் இருக்காது."

அவள் தட்டையும் என்னையும் பார்த்தாள். அம்மா துணியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"உனக்கு இது எப்போ தெரிஞ்சுது?" என்றாள் லமீஸ்.

இன்றைக்குத்தான், அந்த வீட்டில் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அம்மா அதை உடனே நம்பியிருப்பார்.

"முதல் நாளே தெரியும்" என்றேன். "மாத்திரை இல்லை. உங்க ரெண்டு பேர்கிட்டயும் இல்லைன்னு சொல்லத் தெரியல."

அம்மா "ஹனாதி" என்றார். என் பெயரை மட்டும்தான் சொன்னார்.

லமீஸ் இரண்டையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"எல்லாம் சேர்த்து எத்தனை நாள் வரும்?"

"எட்டு நாள்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். டப்பியையும் காகிதப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணி முடித்ததும் தன் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நானே எடுத்துச் சாப்பிட்டுக்கறேன்" என்றாள்.